ரேடியோவின் நெஞ்சுக்குள் ஒரு சத்தம்

அந்தத் தெருவில் இரண்டே நாற்காலி போட்ட சலூன் ஒன்று உண்டு. அதன் முதலாளியை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ரேடியோ என்றால்தான் தெரியும். காலையில் ஷட்டரோடு சேர்ந்து திறக்கிற வாய், சாயங்காலம் பூட்டைத் தொங்கவிட்ட பிறகும் அந்தப் பூட்டோடு நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் மூடும். வெயில், விலைவாசி, பக்கத்துத் தெருவில் யார் வீட்டு மோட்டார் ரிப்பேர், எந்தப் பல் டாக்டர் வலிக்காமல் பிடுங்குவார் என்று கத்தரி ஒரு பக்கம் ஓடும், பேச்சு ஒரு பக்கம் ஓடும். தலையைக் கொடுத்தவர் 'ம்' கொட்டினாலும் சரி, கொட்டாவிட்டாலும் சரி, ஒலிபரப்பு நிற்காது.

பக்கத்து நாற்காலி அவருடைய மனைவியின் தம்பிக்கு. இருபது வருடமாகச் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். மச்சான் அதிகம் பேசமாட்டார். ஏன் என்று யாராவது கேட்டால், "மாமா கேப் குடுத்தாத்தானே?" என்பார்.

ரேடியோவுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. கொஞ்ச காலமாகவே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று, செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். மேலே கதவைத் திறந்துகொண்டு நிற்கிற மனைவி, "யாருங்க அது போன்ல?" என்று கேட்பாள். "ராங் நம்பர்" என்பார். தினமும் அதே படியில் ராங் நம்பர் வருவதைப் பற்றி அவளுக்குச் சந்தேகம் இருந்தது. ஆனால் பேச்சில் அவரை ஜெயிக்க முடியாது என்று விட்டுவிட்டாள்.

ஒரு சனிக்கிழமை காலை, கணக்கு வாத்தியார் ஒருவர் முடி வெட்ட உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் முடிந்து, பின்னந்தலையில் மெஷின் ஏறிக்கொண்டிருந்தது. ரேடியோ ஏதோ தக்காளியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினார். அந்த வாய் நடுவில் நின்று வாத்தியார் பார்த்ததே இல்லை. பயந்துபோய்த் திரும்பினார். கீழே வெட்டிய முடிக்கு நடுவில் ரேடியோ விழுந்து கிடந்தார். மெஷின் மட்டும் தரையில் உறுமிக்கொண்டிருந்தது.

வாத்தியாரும் மச்சானும் அவரைத் தூக்கிக்கொண்டு போய் வாத்தியாரின் காரில் போட்டார்கள். கழுத்தில் கட்டிய வெள்ளைத் துணியோடு, பாதித் தலை புதர், பாதித் தலை திடல் என்ற கோலத்தில் வாத்தியார் வண்டியை ஓட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் ஓடி வந்த நர்ஸ் அவரைப் பார்த்ததும் அவர் கையைத்தான் பிடித்தாள். "பேஷன்ட் நான் இல்லம்மா! பின் சீட்ல பாருங்க!" என்று கத்தினார் வாத்தியார்.

அன்று சாயங்காலம், உயிருக்கு உடனடி ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகு, ஆஸ்பத்திரி கார் நிறுத்தும் இடத்தில் வைத்து மச்சான் மிச்சத் தலையை வெட்டி முடித்தார். மச்சானுக்குக் கை நடுங்கியது. அது வாத்தியார் தலையில் கொஞ்ச நாள் தெரிந்தது.

ரேடியோவின் இதயத்தில் ரத்தம் வெளியேறுகிற பெரிய வால்வு சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது. ஊசித் துவாரம் அளவுக்குத்தான் திறக்கிறது. அதன் வழியாகத்தான் உடம்பு முழுக்க ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அறுவை செய்யப்போகிற டாக்டர் கட்டையான மனிதர். பேச்சும் கட்டை.

"நெஞ்செலும்பை நடுவுல பிரிச்சு, இதயத்தை நிறுத்திட்டு, பழைய வால்வை எடுத்துட்டு உலோகத்துல ஒண்ணு வைப்போம்."

"நிறுத்திட்டுன்னா டாக்டர், ஸ்பீடைக் குறைச்சா?"

"இல்ல. நிறுத்தித்தான். ஆடிக்கிட்டே இருக்கிறதுல தையல் போட முடியாதில்ல?"

அது ரேடியோவுக்குச் சட்டென்று புரிந்தது. "கரெக்ட் டாக்டர். தலையை ஆட்டுற குழந்தைங்களுக்கு நானே கத்தரி வைக்க மாட்டேன்" என்றார். பிறகுதான் அடுத்த கேள்வி தொண்டைக்கு வந்தது. "அப்புறம் அதைத் திரும்ப யாரு ஓட விடுவாங்க?"

"பெரும்பாலும் அதுவே ஓடிக்கும்" என்று சொல்லிவிட்டு டாக்டர் எழுந்து போய்விட்டார்.

அதுவே ஓடிக்கும். ரேடியோ அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு அறுவை நாள் வரை புரண்டு புரண்டு படுத்தார். ஒரு டேபிள் ஃபேன்கூடச் சுவிட்சைப் போட்டால்தான் ஓடுகிறது.

கண் விழித்தபோது முதலில் தெரிந்தது தாகம். பிறகு தொண்டைக்குள் ஒரு குழாய். பேச வாயைத் திறந்தார், காற்றுகூட வரவில்லை. நெஞ்சின் மேல் யாரோ சிமென்ட் மூட்டையை வைத்துவிட்டு எடுக்க மறந்துபோனதைப் போல இருந்தது. கழுத்தில், கையில், விலாவில் என்று எங்கெங்கிருந்தோ குழாய்கள் போயின. மாஸ்க் போட்ட ஓர் உருவம் குனிந்தது. கண்ணை வைத்து மனைவி என்று கண்டுகொண்டார். சொல்வதற்கு என்னென்னவோ யோசித்து வந்திருப்பாள். அவரைப் பார்த்ததும் எல்லாம் போய், "முடியெல்லாம் கலைஞ்சு கெடக்கு" என்று மட்டும் சொல்லி, விரலால் வகிடு எடுத்துவிட்டாள். ஊருக்கெல்லாம் தலை சீவி விட்டவருக்கு அன்றைக்குத்தான் இன்னொருவர் கை தலையில் பட்டால் எப்படியிருக்கும் என்று தெரிந்தது. கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போனது. துடைக்கக் கை வரவில்லை.

குழாயை எடுத்த பிறகு ஒரு நர்ஸ் சின்னத் தலையணை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். "இருமல் வந்தா, தும்மல் வந்தா இதை நெஞ்சோட சேத்துக் கட்டிப் புடிச்சுக்கணும். எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கு. அது கூடுற வரைக்கும் இதுதான் உங்களுக்குத் துணை."

"அப்ப நான்?" என்றாள் மனைவி. நர்ஸ் சிரித்தாள். ரேடியோவும் சிரிக்கப் பார்த்து, வலியில் உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து அவரைச் சிரிக்க வைக்கக் கூடாது என்று வீட்டில் சட்டம்.

வீட்டுக்கு வந்தாயிற்று. அதோடு கஷ்டம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மையில் அங்கேதான் ஆரம்பித்தது. மல்லாந்துதான் படுக்க வேண்டும். கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது. எதையும் இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. தண்ணீர்க் குடத்தை விடுங்கள், நிறைந்த சொம்பைத் தூக்கினாலே மனைவி பாய்ந்து வந்து பிடுங்குவாள். படுக்கையிலிருந்து எழுவதற்கு ஒரு தனி வித்தை: இரண்டு கையையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு காலைக் கீழே விட, அவள் முதுகில் கை கொடுத்து மெதுவாக நிமிர்த்துவாள். நிமிர்ந்ததும் இருவரும் மூச்சு வாங்க உட்கார்ந்திருப்பார்கள். ஒரே நாளில் இருபது பேருக்கு நின்றபடியே முடி வெட்டிய மனிதர், பல் தேய்த்து முடித்ததும் நாற்காலி தேடினார்.

உடம்பை விட மோசம் மனசு. தொலைக்காட்சியில் சோப்பு விளம்பரம் வரும். ஒரு அம்மா குழந்தைக்குத் தலை துவட்டுவாள். இவர் விம்மி விம்மி அழுவார். ஏன் என்று அவருக்கே தெரியாது. சாப்பாடு வாயில் வைத்தால் பழைய ஆணியைச் சப்பியது போல இருந்தது. பத்திரிகை எடுத்தால் ஒரு பத்தி தாண்டுவதற்குள் முதல் வரி மறந்துவிடும். தொண்டை சரியாகிவிட்டது, ஆனாலும் அவர் பேசவில்லை. பேச விஷயம் வரவில்லை. வாடிக்கையாளர்கள் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் ரேடியோ பேசுவார் என்று எதிர்பார்த்து உட்கார்ந்து, அவர் பேசாததால் அவர்களும் பேச வழியின்றி, சுவர்க் காலண்டரைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த நாட்களில் ஒரு மதியம் மின்சாரம் போனது. மின்விசிறி நின்று, ஃபிரிட்ஜ் அடங்கி, வீடு சட்டென்று நிசப்தமானது. அப்போது அவருக்கு ஒரு சத்தம் கேட்டது. டிக். டிக். டிக். சுவர்க் கடிகாரம் என்று நினைத்தார். கடிகாரம் போன வருடமே நின்றுபோனது. தலையைத் திருப்பினார், சத்தமும் கூடவே திரும்பியது. வாயை மூடினார், சத்தம் குறைந்தது. வாயைத் திறந்தார், கூடியது. அது அவருக்குள்ளிருந்துதான் வந்தது. புதிதாக வைத்த வால்வு. உலோகக் கதவு திறந்து மூடுகிற சத்தம்.

கேட்க ஆரம்பித்த பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த டிக் வரும் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பார். வந்ததும் அதற்கடுத்த டிக்குக்குக் காத்திருப்பார். மின்சாரம் வந்ததும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்து, தலையணையை நெஞ்சில் அமுக்கிக்கொண்டார். அன்றிலிருந்து வீட்டில் மின்விசிறி, தொலைக்காட்சி, பாத்ரூம் குழாய் என்று ஏதாவது ஒன்று சத்தம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சில நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மனைவி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அணைத்தாள்.

"எதுக்கு அணைச்ச? போடு" என்றார்.

"இருங்க. நான் கேக்கணும்" என்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காதை அவர் நெஞ்சுக்கு அருகில், தையல் மேல் படாமல் வைத்துக்கொண்டாள்.

"உனக்குப் பயமா இல்லையா?"

"எதுக்குப் பயம்? அடுப்படியில நிக்கும்போதே எனக்கு லேசாக் கேக்குது. நீங்க பாட்டுக்கு ஒரு வார்த்தை பேசாமக் கெடக்குறீங்க. அது ஒண்ணுதான் இந்த வீட்டுல எனக்குப் பதில் சொல்லிக்கிட்டிருக்கு."

அவர் அன்று மின்விசிறியைப் போடவில்லை.

இனி ஏறுமுகம்தான் என்று நம்பியிருந்தபோது மறுபடியும் மூச்சு வாங்கியது. இந்த முறை படியே இல்லை, கட்டிலில் இருந்தபடியே. நுரையீரலைச் சுற்றி நீர் கட்டியிருக்கிறது என்று திரும்பவும் சேர்த்துவிட்டார்கள். குனிந்து உட்கார வைத்து முதுகில் ஊசி போட்டு, பாட்டில் பாட்டிலாக நீரை இறக்கினார்கள். இது சகஜம்தான், சரியாகிவிடும் என்றார் டாக்டர். ரேடியோவுக்கு அந்த வார்த்தை சலித்துவிட்டது. பார்க்க வந்த மச்சானிடம் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"என் நாற்காலியை வித்துரு மச்சான். இனிமே இந்தக் கை மேல எழும்பாது."

"விக்கலாம் மாமா" என்றார் மச்சான் நிதானமாக. "வாங்கிட்டுப் போனவன் ஒரே வாரத்துல திருப்பிக் கொண்டுவந்து வைப்பான். 'யோவ், இது ராத்திரி பகலாப் பேசுதுய்யா'ன்னு."

மச்சான் வாயிலிருந்து இவ்வளவு நீளமான பேச்சு வந்ததே அதிசயம். ரேடியோ தலையணையைத் தேடிக் கட்டிக்கொண்டார். சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

மறுநாள் மனைவி அவரைக் கைத்தாங்கலாக வராந்தாவில் நடத்திக்கொண்டு போனாள். எதிரே பச்சை உடையில், கையில் டீக் கோப்பையோடு ஓர் இளம்பெண் வந்தாள். தாண்டிப் போனவள் நின்று திரும்பினாள்.

"சார், நீங்க கிருதா சார்தானே?"

இருவரும் விழித்தார்கள். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஞாபகம் இருக்காது சார். ஆபரேஷன் அன்னைக்கு மயக்க மருந்து குடுக்க வந்த டாக்டரைப் பாத்து, 'உங்களுக்கு ஒரு பக்கம் கிருதா ஏறியிருக்கு, எழுந்திரிச்சு வந்து சரி பண்ணி விடுறேன்'னு சொன்னீங்க. சொல்லிக்கிட்டிருக்கும்போதே தூங்கிட்டீங்க. தியேட்டர்ல எல்லாரும் அவர் கிருதாவைத்தான் பாத்தோம். நெஜமாவே ஏறித்தான் இருந்துச்சு."

"நீங்க நர்ஸாம்மா?" என்று மனைவி கேட்டாள்.

"இல்லம்மா. மெஷின் பாத்துக்குற ஆள். இவர் இதயம் நின்னிருந்தப்ப அது வேலையை ஒரு மெஷின் செஞ்சுது இல்ல? அதை ஓட்டினது நான்தான்."

ரேடியோ அவளையே பார்த்தார். ஒரு மாதத்துக்கு மேலாக உள்ளுக்குள் உருட்டிக்கொண்டிருந்த கேள்வியைக் கேட்பதற்கு உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறாள் என்பதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"அப்ப நான் இருந்தேனாம்மா?"

அவள் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. கோப்பையை ஜன்னல் ஓரத்தில் வைத்தாள். "வாங்க" என்று வராந்தாவின் கடைசியில் இருந்த ஓர் அறைக்கு அழைத்துப் போனாள். பரிசோதனைக்காக மெஷினை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு ஒரு வண்டி. அதன் மேல் வரிசையாக வட்ட வட்டமான உருளைகள், சில திரைகள், குழாய் மாட்டுகிற கொக்கிகள். பெரிதாகப் பயமுறுத்தும் ஒன்றை எதிர்பார்த்த ரேடியோவுக்கு, 'இவ்வளவுதானா?' என்றிருந்தது.

"உங்க ரத்தம் பூரா இது வழியா வெளிய வந்துச்சு சார். வெளிய வரும்போது கருஞ்சிவப்பா இருக்கும். இங்க காத்து ஏறினதும் பளிச்சுன்னு செவந்து, இந்தப் பக்கமா உங்களுக்குள்ள திரும்பிப் போச்சு. உடம்பைக் குளிர வச்சிருந்தோம். அவ்வளவு நேரமும் நான் இந்த ஸ்டூல்ல உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். கண்ணை எடுக்க முடியாது, எடுக்கவும் மாட்டேன். நீங்க இருந்தீங்களான்னு கேட்டா... என் கண்ணு முன்னாடி ஓடிக்கிட்டே இருந்தீங்க சார்."

மனைவி சட்டென்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

"அப்புறம் அதை எப்படிம்மா ஓட வச்சீங்க?"

"அதுதான் சார்" என்றாள் அவள். "தையல் முடிஞ்சதும், இதயத்துக்குப் போற ரத்தத்தை மறுபடி திறந்து விடுவாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் யாரும் எதுவும் செய்யிறதில்ல. எல்லாரும் குனிஞ்சு பாத்துக்கிட்டு நிப்போம். தெனம் பாக்குறோம், ஆனா அந்த நேரத்துல மட்டும் தியேட்டர்ல ஒருத்தரும் பேச மாட்டாங்க. உங்களுது உடனே வரல. முதல்ல சும்மா நடுங்குச்சு, குளிர்ல நடுங்குற மாதிரி. ஷாக் குடுக்கலாம்னு டாக்டர் கையை நீட்டிட்டாரு. கருவி கைக்கு வர்றதுக்குள்ள ஒரு துடிப்பு. அப்புறம் ஒண்ணும் இல்ல. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் அது பாட்டுக்குப் புடிச்சுக்கிச்சு. டாக்டர் நீட்டின கையை அப்படியே வச்சுக்கிட்டு நின்னாரு."

"யாரு சொன்னா அதுக்கு?"

"யாரும் சொல்லல சார்."

ரேடியோ பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஒரு கைப்பிடி அளவு சதை. ஐஸ் போட்டுக் குளிர வைத்து, மணிக்கணக்கில் நிறுத்தி, கத்தி வைத்து, ஊசி வைத்து, உள்ளே இரும்பை வைத்துத் தைத்து, கொஞ்சம் ரத்தத்தைத் திருப்பிக் காட்டியதும், கோபித்துக்கொள்ளாமல், யாருடைய உத்தரவுக்கும் காத்திராமல் வேலைக்குத் திரும்பியிருக்கிறது. அவர் தூங்கியபோதும், மனைவியோடு சண்டை போட்டபோதும், தக்காளி விலையைப் பற்றி மணிக்கணக்கில் பேசியபோதும் அது இதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் அதனோடு குடித்தனம் செய்தும், அது உள்ளே இருக்கிறது என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

இன்னொன்றும் தோன்றியது. தினமும் எத்தனை பேர் அவர் நாற்காலியில் தலையைச் சாய்த்து, தொண்டையைத் திறந்து காட்டி, அவர் கையில் சவரக்கத்தி இருக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார்கள். சிலர் குறட்டைகூட விடுகிறார்கள். அதை அவர் வேலையின் ஒரு பகுதி என்று மட்டும்தான் நினைத்திருந்தார். பெயர்கூடத் தெரியாத இந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்து தன் ரத்தம் ஓடுவதைக் கண்கொட்டாமல் பார்த்திருக்கிறாள், தான் அவள் முன்னால் நெஞ்சைத் திறந்து போட்டுத் தூங்கியிருக்கிறோம் என்று நினைத்தபோது, மனிதர்கள் ஒருவர் கையில் ஒருவர் உயிரைக் கொடுத்துவிட்டு எவ்வளவு சாதாரணமாகத் தூங்குகிறார்கள் என்று பிரமிப்பாக இருந்தது.

வீடு திரும்பும்போது டாக்ஸியில் அவர் பேச ஆரம்பித்தார். மெஷின் எப்படியிருந்தது, அந்தப் பெண் என்ன சொன்னாள், ரத்தம் எப்படி நிறம் மாறும், டாக்டர் எப்படிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார் என்று ஒன்று விடாமல் சொன்னார். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டவள்தான் மனைவி. ஆனாலும், "அப்படியா?", "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். டாக்ஸி டிரைவர்தான் கடைசியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்தினார். பாட்டை நிறுத்தியதும் வண்டிக்குள் டிக் டிக் என்று கேட்டது. "இண்டிகேட்டர் ஆஃப் ஆகலையா?" என்று டிரைவர் டாஷ்போர்டைத் தட்டிப் பார்த்தார். ரேடியோ தலையணையைக் கட்டிக்கொண்டு, நெஞ்சு வலிக்க வலிக்கச் சிரித்தார். சட்டத்தை மீறியதற்காக மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிடவில்லை. சுவரைப் பார்த்து நின்று, விரல்களைப் பூச்சி ஊர்வதைப் போல மேலே மேலே நகர்த்தச் சொல்லியிருந்தார் பயிற்சி சொல்லித்தர வந்தவர். விரல் எட்டிய இடத்தில் மனைவி புருவப் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பாள். சில நாள் விரல் நேற்றைய புள்ளிக்குக் கீழேயே நின்றுவிடும். அந்த நாட்களில் அவர் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிடுவார். "சுவருமேல என்னங்க கோபம்?" என்பாள். அழுகையும் நிற்கவில்லை, இடைவெளிதான் கூடியது. ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரையை ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும் என்றார்கள். அதைச் சாப்பிட்டால் சின்னக் கீறலிலும் ரத்தம் நிற்காமல் வரும். கத்தி பிடிக்கிற தொழில்காரருக்கு இது பெரிய பயம். மச்சான் ஒரு பெட்டி மெல்லிய கையுறை வாங்கிக்கொண்டு வந்து, மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

ஆனால் இப்போது அவர் தன் உடம்பைக் கவனித்தார். பயத்தோடு அல்ல, பக்கத்து வீட்டில் ஏதோ பெரிய வேலை நடக்கும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பதைப் போல. நெஞ்சில் ஓடிய சிவப்புக் கோடு மெல்ல ரோஜா நிறமாகி, பிறகு தோலின் நிறத்துக்கு வந்தது. பிளந்த எலும்பு, கண்ணுக்குத் தெரியாமல், யாரும் மேஸ்திரி வைக்காமல் தன்னைத் தானே பூசிக்கொண்டிருந்தது. ஒரு நாள் தும்மல் வந்து போன பிறகுதான், தலையணை கட்டிலில் இருக்கிறது, தான் வாசலில் நிற்கிறோம் என்பதைக் கவனித்தார். இன்னொரு நாள் காலையில் கண் விழித்தபோது எதிரே கூரை இல்லை, மனைவியின் முதுகு இருந்தது. தூக்கத்தில் அவர் ஒருக்களித்துப் படுத்திருந்தார். எவ்வளவு காலம் கழித்து! அசைந்தால் கலைந்துவிடுமோ என்று அப்படியே கிடந்தார். வெயில் ஏறி அவள் எழுந்து, "என்னங்க, முழிச்சுக்கிட்டா இருக்கீங்க?" என்று கேட்கும் வரை அந்தச் சுகத்தை விடவில்லை.

கடைக்கு முதலில் சும்மா உட்காரத்தான் போனார். பிறகு குழந்தைகளுக்கு, பிறகு வயதானவர்களுக்கு என்று கத்தரி எடுத்தார். பழகாத கையில் இருப்பதைப் போலக் கத்தரி கனத்தது. மச்சான் எங்கிருந்தோ சக்கரம் வைத்த உயரமான ஸ்டூல் ஒன்றைப் பிடித்து வந்தார். அதில் உட்கார்ந்தபடி நாற்காலியைச் சுற்றி உருண்டு உருண்டு வெட்டினார். பழைய வேகம் வரவில்லை, வராது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மதியத்துக்குப் பிறகு நாற்காலியை மச்சானிடம் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். நல்ல நாளில் நாலு தலை, மோசமான நாளில் ஒன்று. கடைக்குள் சத்தம் அடங்கும்போதெல்லாம் வாடிக்கையாளர்கள் காதைத் தீட்டிக்கொள்வார்கள். "ரேடியோவுல இப்ப நேரமும் சொல்லுது" என்றார் கணக்கு வாத்தியார். கடையே சிரித்தது. ரேடியோ எதையும் கட்டிக்கொள்ளாமல் சிரித்தார்.

சவர வேலை மட்டும் பல மாதம் அவர் எடுக்கவில்லை. ஒரு காலை, தூரத்து ஊர்ச் சரக்கை இறக்கிவிட்டு நேராக வந்த லாரி டிரைவர் ஒருவர், முகமெல்லாம் தாடியோடு ஸ்டூலுக்கு முன்னால் இருந்த நாற்காலியில் விழுந்தார். மச்சான் வேறொரு தலையில் மும்முரமாக இருந்தார். ரேடியோ கையுறையை மாட்டினார். நுரை போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே டிரைவர் தூங்கிப்போனார். கழுத்து பின்னால் சாய்ந்து தொண்டை முழுதாக வெளிச்சத்தில் தெரிந்தது. கத்தியைப் பிரித்து, தாடைக்குக் கீழே தோலை இரண்டு விரலால் இழுத்துப் பிடித்தவர், அப்படியே நிறுத்தினார்.

காதுக்குக் கீழே, தாடை எலும்பு முடிகிற இடத்துக்குப் பக்கத்தில், நுரை லேசாக ஏறி ஏறி இறங்கியது. ஏறியது, இறங்கியது. நாடி. இந்த இடத்தின் மேல் முப்பது வருடமாகக் கத்தி ஓட்டியிருக்கிறார். ஆயிரக்கணக்கான கழுத்துகள். ஒரு தடவைகூட இதைப் பார்த்ததில்லை. முடியைப் பார்த்திருக்கிறார், மருவைப் பார்த்திருக்கிறார், பழைய வெட்டுத் தழும்பைப் பார்த்திருக்கிறார். இத்தனை அருகில், தோலுக்கு அடியில், எல்லோரிடமும் இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. இந்த மனிதர் எத்தனையோ ஊர் தாண்டி, தூக்கம் கெட்டு, களைத்துப்போய் வந்து விழுந்திருக்கிறார். உள்ளே இருப்பது மட்டும் ஓய்வு கேட்கவில்லை. ரேடியோ கண்ணாடியில் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் குனிந்திருந்த தலை, அதன் மேல் குனிந்த மச்சான், வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர். எல்லோருக்குள்ளும்.

பேச்சு நின்றுவிட்டதைக் கவனித்து மச்சான் பதறித் திரும்பினார். "மாமா! என்ன பண்ணுது?"

சத்தத்தில் டிரைவரும் ஒரு கண்ணைத் திறந்தார். "என்ன அண்ணே, முடிஞ்சுதா?"

"இல்ல தம்பி. கழுத்துல நாடி அடிக்குது" என்றார் ரேடியோ.

டிரைவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அடிக்கத்தானே செய்யும்?"

"அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். நீங்க தூங்குங்க" என்று சொல்லி, ரேடியோ கத்தியைத் தோலில் பதமாக வைத்து, மேலிருந்து கீழே இழுத்தார்.